படம் வந்தது, மதிப்பெண் வரவில்லை

ஹார்டுவேர் செய்முறைத் தேர்வுக்கு நான் இரண்டு முறை போனேன். முதல் முறை கணினியைச் சரிசெய்துவிட்டேன், தேர்வில் தோற்றேன்.

மேசையில் பக்கவாட்டு மூடி கழற்றிய ஒரு கணினி. பவர் பட்டனை அழுத்தினால் மின்விசிறிகள் சுற்றும், முன்புற விளக்கு எரியும். மானிட்டரில் மட்டும் 'சிக்னல் இல்லை' என்ற வாசகம் ஓரிரு நொடி தோன்றிவிட்டு மறையும். நேரம் 45 நிமிடம். 'டிஸ்பிளே வரவில்லையா, ரேமைக் கழற்றித் துடை' என்பது வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே காதில் விழுந்துவிடும் பாடம். நானும் ரேமை, அதாவது நினைவகத் தகட்டை, கழற்றி அதன் தங்க நிறப் பற்களை அழிரப்பரால் துடைத்து மாட்டினேன். கை சும்மா இருக்கவில்லை. கிராபிக்ஸ் கார்டையும் கழற்றி மாட்டினேன். போதாக்குறைக்கு அந்த வட்டமான சிஆர்2032 பேட்டரியையும் எடுத்துப் போட்டேன். பட்டனை அழுத்தியதும் படம் வந்தது. 12 நிமிடம்கூட ஆகவில்லை.

"எது பழுது?" என்றார் தேர்வாளர்.

"ரேம் சார்."

"கார்டு இல்லை என்று எப்படித் தெரியும்?"

மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றியவனிடம் அதற்கு என்ன விடை இருக்கும்? அறிக்கைத் தாளில் 'காரணம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தேன். பாதி மதிப்பெண் அந்தக் கட்டத்துக்குத்தான்.

இரண்டாம் முறைக்கு நான் புதிதாக எதையும் மனப்பாடம் செய்யவில்லை. ஒவ்வொரு சோதனையும் எதை உறுதிசெய்கிறது, எதைக் கழித்துக்கட்டுகிறது என்று மட்டும் எழுதி எழுதிப் பார்த்தேன். அப்போதுதான் மின்விசிறியை நான் எவ்வளவு நம்பியிருந்தேன் என்பது உறைத்தது. மின்விசிறி சுற்றினால் 12 வோல்ட் வருகிறது என்று தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) தன் மின்னழுத்தங்கள் நிலைத்த பிறகு சாம்பல் நிறக் கம்பி வழியாக மதர்போர்டுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். அது வரும்வரை பிராசசர் வேலையைத் தொடங்காது. பிராசசருக்கென்று 4 அல்லது 8 பின் (முனை) கொண்ட தனி மின்கம்பி வேறு இருக்கிறது. அது கழன்றிருந்தாலும் மின்விசிறிகள் பாட்டுக்குச் சுற்றும். திரை இருட்டாகவே கிடக்கும்.

இரண்டாம் தேர்விலும் அதே அறிகுறி. இம்முறை நான் முதலில் தொட்டது பேனாவைத்தான். "கடைசியாக இதில் என்ன மாற்றினார்கள்?" என்று கேட்டேன். காம்ப்டியா ஏ பிளஸ் என்ற கணினிப் பழுதுநீக்கச் சான்றிதழின் பாடத்தில் பழுது நீக்கும் முறை 6 படிகளாக வரும். பயனரிடம் விசாரிப்பது முதல் படியிலேயே இருக்கிறது. பலர் அதைப் படித்துவிட்டுத் தேர்வறையில் வாயே திறப்பதில்லை. தேர்வாளர் சொன்னார்: "பிராசசரைக் குளிர்விக்கப் புதிய கூலர் மாட்டினார்கள்."

மானிட்டரின் மின்சாரம், அதில் தேர்ந்தெடுத்திருந்த உள்ளீடு இரண்டையும் பார்த்தேன், சரியாக இருந்தன. அடுத்து கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்தினேன். விளக்கு எரியவில்லை. செலவே இல்லாத இந்தச் சோதனைக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பேன். விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உள்ளே உயிரோடு இருக்கிறது, குறை படம் வெளியே வரும் வழியில் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அசையவே இல்லையென்றால் தொடக்கச் சோதனையையே அது தாண்டவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். கோளாறைச் சொல்லும் பீப் ஒலியும் இல்லை, ஏனென்றால் அந்தப் பெட்டியில் ஸ்பீக்கரே இல்லை. இப்போது பல போர்டுகளில் பீப்புக்குப் பதிலாகச் சிபியு (பிராசசர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் என்று நான்கு சிறு விளக்குகள் வைக்கிறார்கள். இதில் அதுவும் இல்லை. (பீப் அட்டவணையை முழுக்க உருப்போட வேண்டாம். பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) தயாரிப்பாளருக்குத் தக்க அது மாறும்.)

மின்கம்பியை உருவிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டேன். பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டு, கூலருக்குப் பின்னால் போர்டின் மேல் மூலையில் விரலை விட்டேன். பிராசசருக்கான 8 பின் இணைப்பு பாதிதான் இறங்கியிருந்தது. மேலிருந்து பார்த்தால் மாட்டியது போலவே தெரியும். கொக்கி மட்டும் கவ்வவில்லை. அழுத்தினேன், 'டக்' என்றது.

பட்டனை அழுத்தினேன். திரை இருட்டு.

முதல் தேர்வு எழுதிய ஆளாக இருந்தால் இந்த இடத்தில் ரேமைக் கழற்றியிருப்பேன். ஆனால் கேப்ஸ் லாக் விளக்கு இப்போது எரிந்தது, அணைந்தது. ஆக, ஒரு பழுது தீர்ந்தது, இன்னொன்று பாக்கி. அது படம் போகும் வழியில் இருக்கிறது. பின்புறம் திருப்பிப் பார்த்தால் எச்டிஎம்ஐ கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இல்லாமல் மதர்போர்டின் துளையில் இருந்தது. இன்டெல்லில் எஃப் என்று முடியும் மாடல்களிலும், ரைசன் 5000 வரிசையில் ஜி எழுத்து இல்லாத டெஸ்க்டாப் மாடல்களிலும் பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. அந்தத் துளையிலிருந்து படம் வரவே வராது. கேபிளை மாற்றினேன், படம் வந்தது. அணைத்து அணைத்து மேலும் இருமுறை போட்டுப் பார்த்த பிறகே 'காரணம்' கட்டத்தை நிரப்பினேன்.

ரேமைப் பற்றியும் கேள்வி வரும், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு ரேமை வைத்துச் சோதியுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் அது பிராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் உட்கார வேண்டும். ஸ்பீக்கர் இருந்தால் எல்லா ரேமையும் எடுத்துவிட்டு இயக்கிப் பாருங்கள்: பீப் கேட்டால் பிராசசரும் போர்டும் வேலை செய்கின்றன என்று பொருள். டிடிஆர்5 வகை ரேமைப் புதிதாக மாட்டியிருந்தால் முதல் முறை திரை சில நிமிடம் இருட்டாக இருப்பது இயல்பு, அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள். மல்டிமீட்டர் (மின்னழுத்தம் அளக்கும் கருவி) கொடுத்தால் எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை சரியான அளவு. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள்.

பயிற்சிக்கு ஒரு வழி: நீங்கள் அறைக்கு வெளியே நிற்க, நண்பர் ஒரு பழுதை வைக்கட்டும். சில நாள் பழகிய பிறகு, எத்தனை வைத்தேன் என்பதைச் சொல்லாமல் வைக்கச் சொல்லுங்கள்.