ஆணிக்கு மேலே டோட்டல் ஸ்டேஷன்: அந்த 3 மி.மீ. என்ன செய்யும்?

டிராவர்ஸ் (புள்ளியிலிருந்து புள்ளிக்குக் கோணமும் தூரமும் அளந்து போகும் சர்வே) குளோஸ் ஆகவில்லை, அதாவது கடைசியில் தெரிந்த புள்ளியோடு சரியாகப் பொருந்தவில்லை என்றால் முதலில் பேச்சு வாங்குவது கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் கருவியான டோட்டல் ஸ்டேஷன்தான். "5 செகண்ட் மெஷின், இப்படித்தான் வரும்" என்று சொல்லிவிடுவார்கள். (செகண்ட் என்பது இங்கே கோண அளவு, ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு.) அதற்கு முன் ஒரு கணக்குப் போடலாம். கருவி, தரையில் புள்ளியைக் குறிக்கும் ஸ்டேஷன் ஆணியைவிட்டு 3 மி.மீ. பக்கவாட்டில் நிற்கிறது, பேக்சைட் (திசை பிடிக்க முதலில் பார்க்கும் தெரிந்த புள்ளி) 15 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திசையில் 41 செகண்ட் பிழை ஏறிவிட்டது. அதே கோட்டை எதிர்ப்பக்கம் நீட்டி 50 மீட்டரில் ஒரு பாலத்தூணுக்கு மார்க் கொடுத்தால் அது 13 மி.மீ. தள்ளி விழும். பேக்சைட் 150 மீட்டரில் இருந்திருந்தால் அதே 3 மி.மீ. விலகல் தூணில் வெறும் 4 மி.மீ. தொப்பூர் கணவாய் மாதிரி வளைவுகளில் நீளமான பேக்சைட் கிடைக்காது. அங்கே 1 செகண்ட் மெஷினைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் சென்டரிங், அதாவது ஆணிக்கு நேர் மேலே நிறுத்துவது, சரியில்லாவிட்டால் பயனில்லை.

கருவிக்கு நேர் கீழே உள்ள இடத்தைக் காட்டி, சென்டரிங் செய்ய உதவும் பிளம்மெட்டே பொய் சொன்னால்? பலர் இதைப் பார்ப்பதே இல்லை. முதலில் பிளேட் பபுளை (கருவியின் நுட்பமான மட்டக்குமிழை) 180 டிகிரி திருப்பிச் சரிபார்க்க வேண்டும். பிளம்மெட் கருவியோடு சேர்ந்து சுழல்வதாக இருந்தால் தரையில் கிராஃப் தாள் ஒட்டி, லெவல் செய்து, புள்ளி குறித்து, 180 டிகிரி திருப்பி மறுபடி குறிக்கவும். இரண்டு புள்ளிக்கும் நடுவில் இருப்பதுதான் உண்மையான இடம். பிளம்மெட் ட்ரைபிராக்கிலேயே (ட்ரைபாட் தலையில் கருவி உட்காரும் அடித்தட்டு) இருந்தால் இப்படித் திருப்ப முடியாது. ட்ரைபாட் தலையில் ட்ரைபிராக்கின் விளிம்பைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள்ளேயே 120 டிகிரி வீதம் மாற்றி உட்கார வைத்து, ஒவ்வொரு முறையும் லெவல் செய்து மூன்று புள்ளி எடுக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக விழாவிட்டால் முக்கோணத்தின் மையம்தான் சரியான இடம். ஆப்டிகல் பிளம்மெட் என்றால் அதன் திருகுகளில் அங்கே கொண்டுவரலாம். லேசர் என்றால் பெரும்பாலும் சர்வீஸ் சென்டர் வேலை.

கருவியை நிறுத்தும்போது ஃபுட் ஸ்க்ரூ (ட்ரைபிராக்கின் லெவல் திருகு) மூன்றையும் பாதித் திருகலில் வைத்துத் தொடங்கவும். ட்ரைபாட் தலை கண்ணளவுக்கு மட்டமாக, ஆணிக்கு மேலே வரும்படி கால்களை ஊன்றி மிதித்தாயிற்றா? இனி பபுளை மறந்துவிட்டு, ஃபுட் ஸ்க்ரூவால் பிளம்மெட் புள்ளியை ஆணிக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகு கால்களை ஏற்றி இறக்கி வட்ட பபுளை நடுவில் சேர்க்கவும். புதிதாக வருபவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும், "பபுளைச் சரி செய்தால் புள்ளி ஓடிவிடாதா?" என்பார்கள். பெரிதாக ஓடாது. ஒரு காலை நீட்டும்போது மொத்த அமைப்பும் மற்ற இரண்டு பாதங்களையும் இணைக்கும் கோட்டை அச்சாக வைத்துச் சாய்கிறது. தலை ஒரு பக்கம் நகரும் அளவுக்கு, சாய்ந்த பிளம்மெட் கோடு தரையில் எதிர்ப்பக்கம் நகர்கிறது, இரண்டும் கழிந்துபோகிறது. ஆனால் பாதங்களும் ஆணியும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் இந்தக் கழிவு முழுமையாக நடக்கும். சரிவில் ஒரு கால் மேட்டிலும் இரண்டு கால் பள்ளத்திலும் நிற்கும்போது புள்ளி கொஞ்சம் நகரத்தான் செய்யும், அங்கே இரண்டு மூன்று சுற்று ஆகும்.

கடைசியில் பிளேட் பபுளை ஃபுட் ஸ்க்ரூவால் சேர்த்து, ட்ரைபிராக்கை ட்ரைபாட்டோடு பிணைக்கும் சென்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, மிச்சமுள்ள மில்லிமீட்டருக்கு ட்ரைபிராக்கை நகர்த்தவும். நகர்த்தத்தான் வேண்டும், திருப்பக்கூடாது. தலை லேசாகச் சாய்ந்திருந்தால் திருப்பியதும் லெவல் கெட்டுவிடும். கருவி 1.5 மீட்டர் உயரத்தில் நிற்கும்போது 1 கோண நிமிடச் (டிகிரியில் 60-ல் ஒரு பங்கு) சாய்வுக்குப் புள்ளி 0.4 மி.மீ. நகரும். அதனால் இறுக்கிய பிறகு பபுள், புள்ளி இரண்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பாறைமேல் வேலை என்றால் இரும்புக் கூர் வழுக்கும். மிதித்தாலும் இறங்காது. உளியால் மூன்று சின்னக் குழி போடுங்கள், அல்லது கால்களின் அடியைச் சங்கிலியால் சேர்த்துக் கட்டுங்கள். நைலான் கயிறு இழுபடும், வேண்டாம். இரண்டும் முடியாத இடத்தில் ஆணியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை, தெரிந்த இரண்டு மூன்று புள்ளிகளைப் பார்த்து, கருவி நிற்கும் இடத்தைக் கணக்கிடும் ரிசெக்‌ஷன் எடுத்துவிடலாம். கருவியின் சென்டரிங் பிழை என்பதே அதில் கிடையாது.

சித்திரை வெயிலில் தார்ரோட்டில் நிறுத்தினால் வேறு தொல்லை. தார் இளகி, கால் மெதுவாக இறங்கும், யாருக்கும் தெரியாது. ரோட்டோர மண் பகுதிக்கு மாற்றுவது நல்லது. முடியாவிட்டால் அரை மணிக்கு ஒருமுறை பேக்சைட்டைத் திரும்பப் பார்க்கவும். வெயில் ஒரு பக்கமாக அடித்தால் பபுள் சூடான பக்கம் ஓடும், குடை அவசியம். ஏசி காரிலிருந்து எடுத்த கருவிக்கு ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 2 நிமிடம் என்று காத்திருக்க வேண்டும். காருக்குள் 24, வெளியே 36 என்றால் 24 நிமிடம். டீ குடிக்கலாம்.

மலைப்பாதை டிராவர்ஸுக்கு மூன்று ட்ரைபாட், மூன்று ட்ரைபிராக் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ட்ரைபிராக்கை அசைக்காமல், அதன் மேல் இருக்கும் கருவியையும் பிரிசத்தையும் (கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் குறி) மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். ட்ரைபிராக் ஆணிக்கு நேரே இல்லாவிட்டாலும் அது அந்த ஸ்டேஷனோடு நிற்கும், அடுத்த கோணத்துக்குப் போகாது. பிரிசம் மாட்டிய போலை (கம்பை) கையில் பிடித்து எடுக்கும் டிராவர்ஸோடு இதை ஒப்பிடவே முடியாது. கருவியின் அச்சு உயரமும் பிரிசத்தின் உயரமும் ஒன்றா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவும். கம்பெனி மாறினால் உயரமும் மாறலாம்.

கருவி உயரம் எடுக்கும்போது டேப்பை ஆணியிலிருந்து கருவியின் பக்கத்திலுள்ள குறிக்குச் சாய்வாகத்தான் பிடிக்க முடியும். 1.5 மீட்டரில் குறி 10 செ.மீ. வெளியே தள்ளியிருந்தால் டேப் 3 மி.மீ. கூடுதலாகக் காட்டும். தரைமட்ட வேலைக்கு இது போதும், கான்கிரீட் மட்டம் கொடுக்கிறீர்கள் என்றால் கழித்துக்கொள்ளுங்கள்.