இரண்டு மில்லிமீட்டர் இடுக்கு

நூற்பாலையில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். அதில் பாதி நாள், ஆலைக் காற்றை ஈரப்பதமாக வைக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில்தான் போனது. காற்றைக் குழாய்க்குள் மடக்கி அனுப்புவதே பிழைப்பு. அந்தத் திமிரில், என் புல்லட்டின் வால்வைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன்.

வண்டி 350 சிசி, பழைய வார்ப்பிரும்பு என்ஜின். போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 70 மிமீ; பிஸ்டன் ஓடும் தூரமான ஸ்ட்ரோக் 90. போன வருடம், என்ஜினுக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வு கசிந்தது. சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றி ஒரு லேத்துப் பட்டறையில் சீட் கட்டிங்குக்குக் கொடுத்தேன். சீட் என்றால் வால்வு மூடும்போது உட்காரும் வளையம். வந்ததும் பேஸ்ட் தடவி அரைத்து, காற்று வரும் வழியான போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கிக்கரும் கல் மாதிரி நின்றது. ஆனால் கல்லாறு தாண்டிக் குன்னூர் மலை ஏறும்போது வண்டிக்கு மூச்சு வாங்கியது. கசிவு வருவதற்கு முன்னால் மூன்றாவது கியரில் சாதாரணமாக ஏறிய வளைவுகளில் இரண்டாவது போட வேண்டியிருந்தது. கம்ப்ரெஷன், அதாவது உள்ளே காற்றை அழுத்தும் பிடிப்பு, இருக்கிறது; இழுவை இல்லை.

மறுபடி ஹெட்டைக் கழற்றித் தெரிந்த தம்பி ஒருவரிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். "வால்வு குழிக்குள்ள உக்காந்திருக்குதுங்ணா. எந்திரிச்சாலும் சுவத்தைத்தான் பாக்குது."

அவர் சொன்னது இதுதான். பட்டறையில் 45 டிகிரியில் ஒரே வெட்டாக, ஆழமாகவும் அகலமாகவும் வெட்டியிருந்தார்கள். வால்வு அமிழ்ந்துவிட்டது. அது கொஞ்சம் திறக்கும்போது வெளியே வரும் காற்று நேராக இரும்புச் சுவரில் முட்டுகிறது.

கொஞ்சம் திறப்பதற்கு அவ்வளவு மதிப்பா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 மிமீ வால்வு 2 மிமீ தூக்கினால் காற்றுக்குக் கிடைக்கும் வளைய இடுக்கு சுமார் 250 சதுர மிமீ. வால்வின் முழு வட்டப் பரப்பு 1,250க்குச் சற்று மேல். விட்டத்தில் கால் பங்கு, அதாவது 10 மிமீ தூக்கினால்தான் இரண்டும் சமம். வால்வைத் தள்ளித் திறக்கும் கேம் அதை உச்சத்தில் வைத்திருப்பதோ கண நேரம். சின்ன உயரங்களை ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம் கடக்க வேண்டும். அந்த நேரத்தில் காற்றை ஆள்வது போர்ட் அல்ல, சீட்டின் ஓரமும், போர்ட் பக்கம் இருக்கும் வால்வின் முதுகும்தான். மில்லில் ஃபேன் வாயில் கூம்பாக விரிந்த தகடு வைத்தது இதே காரணத்துக்காக. கூர்மையான மூலை இருந்தால் காற்று அதை ஒட்டித் திரும்பாது, பிய்த்துக்கொண்டு போய்ச் சுழலும். இது தெரிந்தும் வண்டியில் கோட்டை விட்டேன் பாருங்கள்.

அப்புறம் ஒரு கிறுக்கு வேலை செய்தேன். 75 மிமீ பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை ஹெட்டுக்கு அடியில் ஒட்டினேன். அதன் உட்துளை கிட்டத்தட்ட போர் அளவுதான். மறுமுனையில் வீட்டு வேக்கூம் கிளீனர். குழாயில் துளை போட்டு, சொட்டு நீலம் கலந்த தண்ணீரோடு U வடிவக் குழாய் ஒன்று. வால்வை போல்ட்டால் மில்லிமீட்டர் கணக்கில் இறக்கித் திறந்து நீர்மட்டம் பார்த்தேன். காற்று சுலபமாக வந்தால் இரண்டு பக்கத்து மட்டமும் நெருங்கும்.

வால்வின் முதுகைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டேன். தண்ணீர் அசையவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனதுதான் மிச்சம். போர்ட் வாயைச் சுற்றிப் பேத்தியின் விளையாட்டுக் களிமண்ணை உருட்டி வைத்தேன். உடனே அசைந்தது!

பிறகு அந்தத் தம்பி புதிய சீட் வளையம் அடித்து, 30, 45, 60 என்று மூன்று கோணத்தில் வெட்டினார். இப்போது 45 டிகிரி முகம் ஒரு மிமீக்குச் சற்று அதிகம், அவ்வளவே. வால்விலும் 45க்குப் பின்னால் 30 டிகிரியில் ஒரு மெல்லிய வெட்டு, அங்கிருந்த முனையை எடுத்துவிட்டது. நான்கு மிமீ வரை வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. ஏழு, எட்டுக்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை; அங்கே போர்ட்தான் முதலாளி.

துலிப் வால்வு போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முதுகு தடித்த அந்த வடிவம் காற்று மேலிருந்து நேராக இறங்கும் போர்ட்டுக்குப் பெரும்பாலும் ஒத்துவரும். பக்கவாட்டில் வந்து திரும்பும் போர்ட்டில் அந்தத் தடிப்பு வழியை அடைக்கும். பெரிய வால்வு இருந்தால்தான் இழுவை என்றும் இல்லை. அமெரிக்காவில் 1953இல் வந்த ப்யூக் காரின் வி8 என்ஜினுக்கு ஆணித்தலை என்றே பட்டப்பெயர். வால்வுகள் அவ்வளவு சின்னது. இழுவைக்குப் பெயர்போன என்ஜின் அது.

எக்ஸாஸ்ட் பக்கம் நான் கை வைக்கவில்லை. அங்கே அழுத்தமே புகையைத் தள்ளிவிடும். சீட்டை மெல்லிசாக்கினால் வால்வின் சூடு ஹெட்டுக்கு இறங்க வழியில்லாமல் ஓரம் கருகும்.

போன மாதம் அதே கல்லாறு வளைவுகள், மூன்றாவது கியர். வேக்கூம் கிளீனரில் மட்டும் இன்னும் மண்ணெண்ணெய் வாசம் போகவில்லை.