பெரிய பிஸ்தா

புறப்படுவதற்கு முன் ஒரு மாசம் மச்சினன் தினமும் மலைக்கோட்டைப் படி ஏறி இறங்கினான். உச்சிப் பிள்ளையார் உட்கார்ந்திருக்கும் பாறை 83 மீட்டர். நாங்கள் போகவேண்டிய எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர். "சமாளிச்சிரலாம் மாமா" என்றான். நான் அந்தப் படிகூட ஏறாதவன் என்பதால் மறுபேச்சு பேசவில்லை.

நேபாளத்தில், நடை தொடங்கும் ஊரான லுக்லாவில் விமானம் இறங்கியது. ஓடுதளம் மொத்தமே 527 மீட்டர், அதுவும் சரிவு. கண்ணை இறுக்கி மூடியிருந்ததால் மேற்கொண்டு வர்ணிக்க எதுவும் இல்லை. வெளியே வந்ததும் மச்சினன், கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி நடையைக் கட்டினான். வழிகாட்டிப் பையன் பின்னாலேயே "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்று கத்திக்கொண்டு வந்தான். மச்சினனுக்கு முகமெல்லாம் பல். "பாத்தீங்களா மாமா, வந்த அன்னைக்கே நம்மளப் பிஸ்தாங்குறான்!"

நேபாளியில் அதற்கு "மெதுவா, மெதுவா" என்று அர்த்தம். மறுநாள் நாம்சே ஏற்றத்தில், பத்தடிக்கு ஒரு கல்லாகப் பார்த்து உட்கார்ந்த பிறகுதான் பிஸ்தாவுக்கு அது விளங்கியது.

மூன்றாம் நாள் நாம்சேவில் ஓய்வு. ஓய்வு என்றால் படுப்பது இல்லையாம். உடம்பு உயரத்துக்குப் பழக, மேலே ஏறிவிட்டுக் கீழே வந்து தூங்க வேண்டுமாம். ஊருக்கு மேலே ஒரு மேட்டில் ஏறி நின்றால், லோட்சே, நுப்ட்சே மலைச்சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்பு முக்கோணம் எட்டிப் பார்த்தது. எவரெஸ்ட்! உடனே வீட்டுக்கு வீடியோ கால். மனைவி பார்த்துவிட்டு, "நல்லாருக்குங்க, தொப்பியப் போடுங்க" என்றாள்.

இனி, உண்மையான கஷ்டத்துக்கு வருகிறேன். ஏறுவதோ மூச்சு வாங்குவதோ அல்ல. ராத்திரி ஒன்றுக்குப் போவது.

மலைநோய் வராமலிருக்க டாக்டர் டயமாக்ஸ் எழுதிக் கொடுத்திருந்தார். அது சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை. அதன்மேல் தினம் நாலு லிட்டர் தண்ணீர் குடி என்று வழிகாட்டியின் கட்டளை. சாயங்காலம் பூண்டு சூப் வேறு. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 4,940 மீட்டர் உயரத்தில் லொபுச்சேயில் ஒரே ராத்திரியில் ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் ஸ்லீப்பிங் பேக் ஜிப்பைத் திறக்க வேண்டும். அறைச்சுவர் வெறும் பிளைவுட், அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து அறை இருமும். ஜாக்கெட், குல்லா, நெற்றி விளக்கு, அப்புறம் செருப்பு. நடையின் கோடியில் கக்கூஸ். டிரம்மில் தண்ணீர் மேலே மூடிபோல உறைந்திருக்கும். சொம்பால் குத்தி உடைத்துத்தான் மொள்ள வேண்டும். யாரோ சிந்திய தண்ணீர் தரையில் கண்ணாடி மாதிரி கிடக்கும். அதில் ஒருமுறை நான் நடராஜர் போஸில் நின்றபோது, கதவுக்கு வெளியே காத்திருந்த வெள்ளைக்கார அம்மா "ஆர் யூ ஓகே?" என்று கேட்டார். எந்தக் காலைக் கீழே வைப்பது என்ற யோசனையில் பதில் சொல்லவில்லை.

சாயங்காலங்களில் மட்டும் சொர்க்கம். சாப்பாட்டுக் கூடத்தின் நடுவே ஓர் இரும்பு அடுப்பு, அதில் யாக் சாணி வறட்டி எரியும். நம்ம ஊர் வறட்டிதான், மாடு மட்டும் வேறே. சுற்றிலும் பல தேசத்துக் காலுறைகள் காயும். அந்த வாசனையிலும் பருப்பும் சோறும் இறங்கியது என்றால் பசி அப்படி.

டிங்போச்சேயில் ஒரு விடியற்காலை குக்கர் விசில் கேட்டு, நம் வீடு என்றே நினைத்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 4,410 மீட்டரில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சும்மா பாத்திரத்தில் போட்டால் பருப்பு நாள் முழுக்கக் கொதிக்கும், வேகாது. "மூணு விசில் விடுறாங்களா, நாலா?" என்று மச்சினன் போர்வைக்குள்ளிருந்து எண்ணிக்கொண்டிருந்தான். ஏழு.

எட்டாம் நாள் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். சிவப்பு எழுத்துப் போட்ட பாறை, அதன்முன் போட்டோவுக்கு ரேஷன் கடை வரிசை. எங்கள் முறை வந்ததும் என் போன் குளிரில் செத்தது. மச்சினன் நான்கு அடுக்குச் சட்டைக்குள் கையை விட்டு, கோழி முட்டையை எடுப்பதுபோலத் தன் போனை எடுத்தான். ஒரே ஒரு படம் கிடைத்தது.

ஊருக்கு வந்து மனைவியிடம் காட்டினேன். பெரிதாக்கி, சின்னதாக்கிப் பார்த்தாள்.

"இதுல எவரெஸ்ட் எங்கங்க?"

"அங்கேருந்து உச்சி தெரியாது. நுப்ட்சேவும் எவரெஸ்ட்டோட மேற்குத் தோளுமே மறைச்சிரும்."

"மூணாம் நாளே வீடியோ கால்ல காட்டினீங்களே?"

"ஆமா, அங்க தெரியும்."

"தெரிஞ்ச இடத்துலேருந்து தெரியாத இடத்துக்கு ரெண்டு பேரும் அஞ்சு நாள் நடந்தீங்களா?"

மச்சினன் டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். முட்டி பிடித்திருந்ததால் பிஸ்தாரை, பிஸ்தாரையாகத்தான் வாசல் வரை போக முடிந்தது.