லொக்மாடி மாட்டுச் சந்தை

செப்டம்பர் பிறந்துவிட்டால் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் வடக்கு யூயிஸ்ட் தீவில் யாரிடம் பேசினாலும் பேச்சு காற்றில் தொடங்கிக் கன்று விலையில் வந்து நிற்கும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இங்கே குடிவந்த புதிதில் எனக்குத் தெரியவில்லை. காற்று பலமாக அடித்தால் ஸ்கை தீவிலிருந்து வரும் கப்பல் நின்றுவிடும், கப்பல் நின்றால் வாங்குகிறவர்களும் லாரிகளும் வர முடியாது, நாலு பேர் போட்டி போட வேண்டிய இடத்தில் ரெண்டு பேர் இருந்தால் விலை எங்கே போகும்? ஒரு வருட உழைப்பு, கன்றுகளை ஏலம் விடும் அந்த ஒரு நாள் வானிலையில் தொங்குகிறது.

இங்கே விவசாயம் என்றால் கிராஃப்ட். கடற்கரைப் பக்கம் சில ஏக்கர் துண்டு நிலம், பெரும்பாலும் வாடகைக்கு, அதோடு ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஒரு பங்கு. யார் எத்தனை மாடு, எத்தனை ஆடு விடலாம் என்பதற்குக் கணக்கு உண்டு, அதைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே மேய்ச்சல் குழுவும் உண்டு. இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் குறைவு. பள்ளிப் பேருந்து ஓட்டுவார்கள், மீன் பண்ணையில் வேலை பார்ப்பார்கள், காலையிலும் மாலையிலும் மாட்டைப் பார்ப்பார்கள்.

அந்தத் துண்டு நிலம் சும்மா கிடைத்ததில்லை. இதே தீவின் சொல்லாஸ் ஊரில் 1849-ல் நிலப்பிரபு போலீஸை வைத்துக் குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றினார். ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலண்ட்ஸ் முழுக்க இப்படித்தான் நடந்தது, அதிக லாபம் தரும் ஆட்டுப் பண்ணைக்கு மனிதர்கள் இடைஞ்சல். அப்புறம் ஸ்கை தீவில் மக்கள் வாடகை கட்ட மறுத்து போலீஸோடு மோதினார்கள், அரசு 1883-ல் நேப்பியர் பிரபு தலைமையில் ஒரு விசாரணைக் குழு போட்டது, 1886-ல் கிராஃப்டர் சட்டம் வந்தது. வாடகையை ஒழுங்காகக் கட்டி நிபந்தனைகளை மீறாமல் இருந்தால் யாரும் கிளப்ப முடியாது, நியாய வாடகை, பிள்ளைக்குக் குத்தகையை எழுதி வைக்கும் உரிமை. இன்றைக்கும் இங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்றால் அந்தச் சட்டம் ஒரு பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் நிலத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு கன்றுக்குக் கிடைக்கவில்லை. அதைத்தான் இந்தத் தீவின் துறைமுக ஊரான லொக்மாடியின் சந்தையில் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுபதைத் தொட்ட வயது, கொஞ்சம் பசுக்கள் வைத்திருக்கிறார். போன வருடம் அவரோடு ஏலத்துக்குப் போனேன். விடிவதற்குள் கன்றுகளை ஏற்றியாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு காதிலும் அடையாள வில்லை, கையில் பாஸ்போர்ட் கட்டு. ஆமாம், மாட்டுக்குப் பாஸ்போர்ட். எங்கே பிறந்தது, யாரிடமிருந்து யாரிடம் போனது எல்லாம் பதிவில் இருக்கும். அவர் முறை வந்ததும் தாமே ஒரு கோலை எடுத்துக்கொண்டு கன்றோடு ஏல வட்டத்துக்குள் இறங்கினார். கன்று நின்றுவிட்டால் நடை தெரியாது என்பதால் பின்னாலிருந்து லேசாகத் தட்டிச் சுற்றவிட்டுக்கொண்டே இருந்தார். பலகையில் எடை வந்தது, முந்நூறு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. ஏலக்காரர் மூச்சுவிடாமல் அடுக்குகிறார், வாங்குகிறவர்கள் கம்பியில் சாய்ந்தபடி ஒரு தலையசைப்பு, ஒரு விரல், அவ்வளவுதான். நான் யார் கேட்கிறார்கள் என்று தேடி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏலக்காரர் அந்த அம்மாவைப் பார்த்தார், அவர் தலையாட்டினார், சுத்தியல் விழுந்தது. பிறகு அம்மா வாங்கியவரைத் தேடிப்போய் அவர் கையில் ஒரு நோட்டைத் திணித்தார். விற்றவர் வாங்கியவருக்கு ராசிக்காகக் கொடுப்பது இங்கே பழைய வழக்கம்.

விலை பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லித் திருப்பி ஓட்டிப்போக விற்பவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ஓட்டிப்போய் என்ன செய்வது? புல் வளர்வது நிற்கப் போகிறது, காற்றுப் புகாமல் பதப்படுத்தி வைத்திருக்கும் ஊறுகாய்ப் புல் தாய்ப் பசுக்களுக்குத்தான் சரியாக இருக்கும், தீவனம் வாங்கலாம் என்றால் அதுவும் கப்பலில்தான் வர வேண்டும். இந்தக் கன்றுகளைக் கொழுக்க வைக்கும் பார்லியும் நல்ல புல்லும் கிழக்கே, அபர்டீன் பக்கத்துப் பண்ணைகளில் இருக்கின்றன. கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அடுத்த வாரம் வேறு சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். இந்தப் பக்கம் இருப்பவருக்கு அந்த நாள்தான். போகிற வழிச் செலவைக் கணக்குப் பண்ணிக்கொண்டுதான் வாங்குகிறவர் விலை கேட்கிறார், ஆகவே கடலைத் தாண்டும் செலவில் பெரும் பகுதி விற்பவர் தலையில்தான் விழுகிறது.

2007-ல் தென் இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் கோமாரி வந்தது. ஸ்காட்லாந்தில் ஒரு மாட்டுக்குக்கூட வரவில்லை. ஆனாலும் கால்நடைகளை நகர்த்தத் தடை, அதுவும் சரியாக விற்பனைப் பருவத்தில். விற்க வேண்டிய ஆட்டுக்குட்டிகள் மேய்ச்சல் தீர்ந்த மலையிலேயே நின்றன. அந்த வருடத்தைப் பற்றி ஊரில் இன்னும் பேசுகிறார்கள்.

மாட்டை விட்டுவிட்டு ஆட்டோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் இங்கே மக்கர் நிலத்தைப் பார்க்க வேண்டும். கிளிஞ்சல் மணல் காற்றில் வந்து படிந்து உண்டான புல்வெளி அது, ஸ்காட்லாந்து, அயர்லாந்தின் மேற்குக் கரைகளில் மட்டும்தான் உண்டு. கரை ஒதுங்கும் கடற்பாசியை அள்ளிப்போட்டு ஓட்ஸும் ரை என்கிற தானியமும் விதைக்கிறார்கள், அது மாடுகளுக்குக் குளிர்காலத் தீனி. கோடையில் மாடுகள் மலைப்பக்கம் போய்விடும், மக்கர் பூத்துக் கிடக்கும், பிரிட்டனில் அரிதாகிப்போன கார்ன்கிரேக் பறவை அந்தப் புல்லுக்குள் முட்டையிடும். குளிரில் மாடுகள் திரும்பி வந்து மேய்ந்து சாணம் போடும். மாடு போனால் விதைப்பு போகும், விதைப்பு போனால் மற்றதும் போகும்.

2025-ல் மாட்டிறைச்சி விலை பிரிட்டனில் அதுவரை இல்லாத உயரத்துக்குப் போனது, சந்தையில் முகங்கள் மலர்ந்திருந்தன. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வட்டத்தைச் சுற்றி நின்றவர்களில் இளையவர்கள் சிலரே. ஒரு கிராஃப்டின் குத்தகை உரிமையை விலைக்கு வாங்க இப்போது பெரிய பணம் வேண்டும், கடலைப் பார்த்த வீட்டுக்கு வெளியூர்க்காரர் தரும் விலையை உள்ளூர்ப் பிள்ளைகள் கன்று விற்றுக் கட்ட முடியாது. ஆளில்லாமல் கிடக்கும் கிராஃப்டுகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் கிராஃப்டிங் ஆணையத்துக்கு இருக்கிறது. அதை இன்னும் வேகமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து.

பக்கத்து வீட்டு அம்மா இந்த முறை இரண்டு கிடாரிகளை விற்காமல் நிறுத்திவிட்டார். இன்வெர்னஸ் பக்கத்தில் அரசு வைத்திருக்கும் காளைப் பண்ணையிலிருந்து ஊருக்கு ஒரு காளையை வாடகைக்கு எடுக்க மேய்ச்சல் குழு விண்ணப்பம் போட்டிருக்கிறது. என்ன இனம் கேட்பது என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் முழுசாகப் பேசினார்கள்.