தேசிய வரைபட அறிக்கைகளுக்கு ஒரே படிவம் வேண்டும்

பல நாடுகளின் வரைபட, தொலையுணர்வு (செயற்கைக்கோள் படங்களால் நிலத்தை அளக்கும் முறை) அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் தலை சுற்றுகிறது. ஒரு நாடு 1:50,000 அளவில் (தரையின் 500 மீட்டர் தாளில் ஒரு சென்டிமீட்டர்) முழுப் பரப்பையும் வரைந்து முடித்தாயிற்று என்று எழுதும், கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்பதற்கு ஒரு வரி இருக்காது. முப்பது வருடப் பழைய தாளும் போன மாதம் வந்த தாளும் அதே 'நூறு சதவீத'த்துக்குள் உட்கார்ந்திருக்கும்.

சரி, காட்டை எடுத்துக்கொள்வோம். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வரையறையில் பரப்பு 0.5 ஹெக்டேருக்கு மேல், மர உயரம் 5 மீட்டருக்கு மேல், விதான மூடல், அதாவது மரக்கிளைகளும் இலைகளும் மேலிருந்து மூடும் நிலப்பங்கு, 10 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். அந்த 10ஐ ஒரு நாடு 30 என்று வைத்துக்கொண்டால், ஒரு மரம்கூட வெட்டாமலே காடு சுருங்கிவிடும். அப்புறம் செயற்கைக்கோள் படத்தின் நுணுக்கம்: லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தின் 30 மீட்டர் கட்டம் (பிக்சல்) ஒன்றுக்குள் சென்டினல்-2 செயற்கைக்கோளின் 10 மீட்டர் கட்டங்கள் ஒன்பது அடங்கும். எதில் அளந்தோம் என்று சொல்லாத எண்ணை எதோடு ஒப்பிடுவது?

வரைபடத் தரவைப் பற்றிய விவரங்களைக் குறிக்க ஐஎஸ்ஓ 19115 என்ற சர்வதேசத் தரநிலை ஏற்கெனவே இருக்கிறது. அறிக்கையிலும் வரைபட அளவு, திருத்திய ஆண்டு, வரையறை, படம் எந்தச் செயற்கைக்கோளிலிருந்து வந்தது ஆகிய நான்கையாவது கட்டாயமாக்குங்கள். மீதியை அவரவர் விருப்பப்படி எழுதட்டும்.