நகக்கலைப் பயிற்சியில் சேரும் முன் கேட்க வேண்டியவை

கோத்தகிரியில் இருக்கும் என் தங்கை நகக்கலைத் தொழிலைக் கற்க விரும்புவதால், குன்னூரிலும் கோவையிலும் நடக்கும் பயிற்சி வகுப்புகளை இருவரும் விசாரித்து வருகிறோம். கட்டணத்தையும் சான்றிதழையும்விட, உண்மையான கைகளில் எவ்வளவு நேரம் பழகவிடுகிறார்கள் என்பதையே நான் முதலில் கேட்கிறேன்; பிளாஸ்டிக் விரல்களில் மட்டும் பழகியவருக்கு, நகத்தின் அடித்தோலை ஒட்டி மயிரிழை இடைவெளி விட்டு, விளக்கொளியில் இறுகும் நகப்பூச்சான ஜெல்லைப் பூசும் பக்குவம் எளிதில் கைவராது. அந்த இடைவெளி அழகுக்காக மட்டுமன்று. விளக்கொளியில் இறுகாத ஜெல் மீண்டும் மீண்டும் தோலில் பட்டால் அதிலுள்ள அக்ரிலேட் என்ற வேதிப்பொருளால் ஒவ்வாமை வரக்கூடும். வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் நீடிக்கும்.

கருவிகளைக் கொதிநீரில் போட்டெடுத்தால் போதும் என்று கற்பிக்கும் இடத்தைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடுகிறது. ஆனால் முழுமையான கிருமிநீக்கத்துக்கு, வழக்கமாக ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த நீராவிக் கருவியில் 121 டிகிரி நீராவி குறைந்தது 15 நிமிடமாவது பட வேண்டும்.

குளிரில், பொடியும் திரவமும் கலந்து நகத்தில் பூசும் அக்ரிலிக் மெதுவாகவே இறுகும், ஜெல்லும் கெட்டிப்படும். மலையில் கடை வைக்கப் போகிறவர்கள், அறையையும் பொருளையும் எப்படி வெதுவெதுப்பாக வைத்துக்கொள்வது என்பதைச் சமவெளிப் பயிற்றுநரிடம் தாமாகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.