பார்மசிஸ்ட் ரெண்டு மணிக்கு வருவாங்க

கோலாலம்பூர் வந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது. வீடு தேடுன கதை, விசா கதை எல்லாம் எல்லாரும் எழுதிட்டாங்க, நான் கர்ப்பத்தடை மாத்திரை வாங்குன கதைய எழுதுறேன்.

மதுரைல இருந்தப்ப இவரத்தான் மெடிக்கலுக்கு அனுப்புவேன், நம்ம தெருக் கடைல வாங்காம ரெண்டு ஸ்டாப் தள்ளிப் போய் வாங்குவாரு, கடைக்காரர் பேப்பர்ல சுத்தி கருப்பு கவர்ல போட்டு கஞ்சா பொட்டலம் மாதிரி குடுப்பாராம். உறவுக்கு அப்புறம் கர்ப்பம் தங்காம இருக்கப் போடுற அவசர மாத்திரை இன்னும் மோசம், டாக்டர் சீட்டு இல்லாமலே விக்கலாம்னு 2005லயே விட்டாச்சு, ஆனா நம்ம தமிழ்நாட்டுல கேட்டா "அதெல்லாம் வரதில்லம்மா"ன்னுதான் பதில். 72 மணி நேரத்துக்குள்ள போடணும், இவங்க சொல்ற பதிலுக்கே ஒரு நாள் போயிடும்.

இங்க லிட்டில் இந்தியான்னு சொல்ற பிரிக்பீல்ட்ஸ் ஏரியால இறங்கி மெடிக்கல் எங்க இருக்குன்னு கேட்டா தமிழாளுங்களுக்கே புரியல, பார்மசின்னு கேக்கணுமாம். உள்ள போனா ஷாம்பு பக்கத்துலயே காண்டம் அடுக்கி வச்சிருக்கு, யாரும் கண்டுக்கல. மாத்திரை மட்டும் கவுண்டருக்குப் பின்னாடி. பில் போடுற பொண்ணு "பார்மசிஸ்ட் சாப்பிடப் போயிருக்காங்கக்கா, ரெண்டு மணிக்கு வாங்க"ன்னுது. காசு குடுத்தா எடுத்துத் தர வேண்டியதுதானேன்னு எனக்கு கடுப்பு. அப்புறம்தான் தெரிஞ்சுது, இது மலேசியாவோட 1952 பாய்சன்ஸ் ஆக்ட்ல சி குரூப், டாக்டர் சீட்டு வேணாம், ஆனா பார்மசிஸ்ட் இருந்தாதான் விக்க முடியும்.

ரெண்டேகாலுக்குப் போனேன். சீனப் பொண்ணு, என்ன விட சின்னவ, எனக்குப் பின்னாடி ரெண்டு பேர் நிக்கிறாங்க, கணீர்னு கேக்குறா: சிகரெட் உண்டா, பிரஷர் உண்டா, வீட்டுல யாருக்காச்சும் ரத்தம் உறைஞ்சிருக்கா. எனக்கு காது சூடாயிடுச்சு. ஒத்தத் தலைவலி வரும்னேன். உடனே பேனாவ கீழ வச்சுட்டா, வலிக்கு முன்னாடி கண்ணுல மின்னுமான்னு மூணு விதமா கேட்டா, மின்னுச்சுன்னா ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் இருக்குற மாத்திரை ஆகாது, பக்கவாதம் வர வாய்ப்பு கூடுமாம். எனக்கு மின்னாது. பிரஷர் பாத்துட்டு, பேரும் பாஸ்போர்ட் நம்பரும் நோட்டுல எழுதிட்டு, அட்டைய எடுத்து எந்தக் கிழமைல ஆரம்பிக்கணும்னு வட்டம் போட்டுக் காட்டுனா. மதுரைல அத்தன மாசம் முழுங்குனேன், ஒருத்தரும் தலைவலியப் பத்தி கேட்டதில்ல.

பெருமையா இத மேல் மாடி அக்காகிட்ட சொன்னேன், இங்கயே பொறந்து வளந்தவங்க. "உனக்கென்னமா, தாலி இருக்கு"ன்னாங்க. அவங்க சொந்தத்துல ஒரு பொண்ணு, 22 வயசு, வேலைக்குப் போகுது, மாதவிடாய் கண்டபடி வருதுன்னு ஒரு அரசாங்க கிளினிக்ல இதே மாத்திரை கேட்டுப் போயிருக்கு, முதல் கேள்வியே சூராட் காவின் இருக்கான்னு, அதாவது கல்யாண சர்டிபிகேட். கல்யாணம் ஆகாதவங்களுக்கு குடுக்கக் கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் கிடையாது. இப்ப எல்பிபிகேஎன்னு சொல்ற அரசாங்க குடும்பக் கட்டுப்பாட்டு வாரியத்த 1966ல ஆரம்பிச்ச காலத்துலேர்ந்து புருஷன் பொண்டாட்டிக்குன்னே பழகிப்போச்சு, அவ்ளோதான். இங்க மலாய்ல இந்த மாத்திரைய "பில் பெராஞ்சாங்"னுதான் சொல்வாங்க, திட்டம் போடுற மாத்திரை. தனியா இருக்குறவளுக்கு திட்டமே இருக்கக் கூடாதா என்ன? கடைசில அந்தப் பொண்ணு தனியார் டாக்டர்கிட்ட காசு குடுத்துதான் வாங்குச்சாம்.

இங்க வயசு 18க்கு கீழன்னா அப்பா அம்மா கையெழுத்து கேப்பாங்க, 16க்கு கீழன்னா உறவுக்கு பொண்ணு சம்மதமே சட்டத்துல செல்லாது, விஷயம் போலீஸ் வரைக்கும் போகும். நம்ம ஊர்ல 2012 போக்சோவுல அந்தக் கோடு 18. குழந்தைங்களப் பாதுகாக்கத்தான் சட்டம், வேணும்தான், ஆனா பயந்துபோன பொண்ணு டாக்டர்கிட்ட ஒரு சந்தேகம் கேக்கக்கூட போகாது. "எங்க வீட்டுப் பிள்ளைங்க வந்து என்கிட்ட கேக்குமா, கேக்காதுமா"ன்னாங்க அக்கா, அவங்க பொண்ணு பக்கத்துலதான் போன் நோண்டிட்டு இருந்துச்சு, தல நிமிரவே இல்ல.

இந்த மாச அட்டைல நாலு மாத்திரைதான் பாக்கி. சனிக்கிழமை போகணும், ரெண்டு மணிக்கு மேல.